ஒரே ஒரு வரி, இரண்டு மாத மௌனம்: சர்வர் ஸ்கிரிப்ட்களில் இருந்து பாஸ்வேர்டுகள் திருடு போவது எப்படி?

2021 ஏப்ரல் 1. கோட்கவ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர், அந்த நிறுவனம் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை டவுன்லோடு செய்தார். செய்ததோடு விடாமல், அதன் 'செக்சம்' எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார். செக்சம் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி. ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

கிட்ஹப் தளத்தில் போட்டிருந்த எண் ஒன்று. கையில் இருந்த ஃபைலின் எண் வேறொன்று.

அவர் தகவல் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் யாரோ ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். 'இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லா என்விரான்மென்ட் வேரியபிள்களையும் எடுத்து, இந்த முகவரிக்கு அனுப்பு' என்பதுதான் அந்த வரியின் சாரம். ஜனவரி 31-ல் இருந்தே இந்தக் கைவரிசை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த வரி எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. எந்த பாஸ்வேர்டையும் ஊகிக்கவில்லை. மேசை மேல் இருந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

என்விரான்மென்ட் வேரியபிள் என்றால் என்ன?

நீங்கள் போனில் வைத்திருக்கும் உணவு டெலிவரி ஆப், பேங்க் ஆப் எல்லாவற்றுக்கும் பின்னால் சர்வர்கள் இருக்கின்றன. ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுப்பது, புது வெர்ஷனை ஏற்றுவது, ரிப்போர்ட் அனுப்புவது போன்ற வேலைகளை ஆள் உட்கார்ந்து செய்வதில்லை. ஸ்கிரிப்ட் என்று சொல்லப்படும் சின்னச் சின்ன கட்டளைத் தொகுப்புகள் தானாகச் செய்கின்றன.

அந்த ஸ்கிரிப்ட் டேட்டாபேஸுக்குள் நுழைய பாஸ்வேர்டு வேண்டும். கிளவுடில் ஃபைல் போட 'கீ' வேண்டும். இந்த ரகசியங்களை எங்கே எழுதி வைப்பது?

ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதினால், கோடைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊபர் விஷயத்தில் 2016-ல் நடந்தது இதுதான். ஊபர் இன்ஜினியர்கள் பயன்படுத்திய கிட்ஹப் பகுதிக்குள் நுழைந்தவர்களுக்கு, அங்கே இருந்த கோடிலேயே அமேசான் கிளவுடுக்கான சாவி கிடைத்தது. அதை வைத்து 5.7 கோடி பயணிகள், டிரைவர்களின் விவரங்களை எடுத்தார்கள். ஊபர் அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கியது. ஒரு வருடம் கழித்து, 2017 நவம்பரில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அதனால்தான், கோட் வேறு, ரகசியம் வேறு என்று பிரித்து வைக்கும் பழக்கம் வந்தது. ஒரு ப்ரோகிராம் ஓடத் தொடங்கும்போது, அதற்கு வெளியில் இருந்து சில விவரங்களைக் கையில் கொடுத்து அனுப்பலாம். பெயர் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம். 'டேட்டாபேஸ் பாஸ்வேர்டு = இன்னது' என்கிற மாதிரி. இதுதான் என்விரான்மென்ட் வேரியபிள். 1979-ல் வந்த யுனிக்ஸ் 7-ம் பதிப்பில் இருந்தே இந்த வசதி உண்டு.

ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் 2011 வாக்கில் 'ட்வெல்வ் ஃபாக்டர் ஆப்' என்ற வழிகாட்டியை எழுதினார்கள். செட்டிங், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள் என்றது அது. உங்கள் கோடை இந்த நிமிஷம் ஊருக்கே திறந்து காட்டினாலும் எந்த ரகசியமும் வெளியே போகக் கூடாது, அப்படி இருக்கிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று ஒரு அளவுகோலும் கொடுத்தது. நல்ல அறிவுரைதான். உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

சரி, இதுல என்ன பிரச்சனை?

கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டி வைப்பார்கள். வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு அது தெரியாது. ஆனால் சமையல்கட்டுக்குள் வரும் எல்லோர் கைக்கும் எட்டும். காய் நறுக்க வந்தவர், பாத்திரம் கழுவ வந்தவர், கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவர்... யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என்விரான்மென்ட் வேரியபிளும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது.

ஒரு ஸ்கிரிப்ட் தன் வேலைக்காக பத்து டூல்களைக் கூப்பிடும். கூப்பிடப்படும் ஒவ்வொரு டூலுக்கும் என்விரான்மென்ட் வேரியபிள்களின் முழு நகல் தானாகவே போய்விடும். 'உனக்கு இது மட்டும் போதும்' என்று யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை. அப்பா சம்பாதித்ததும் வாங்கிய கடனும் பிள்ளைக்கு வருவது போல எல்லாமே இறங்கும்.

கோட்கவ் ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மென்பொருளின் கோடில் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கை கோட்கவ் தளத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அதற்கு அதிகபட்சம் ஒரு டோக்கன் போதும். ஆனால் அது ஓடிய இடத்தில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், கிளவுட் கீயும், மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் சாவியும் பக்கத்திலேயே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பட்டியல் போட்டுக் காட்ட லினக்ஸில் மூன்று எழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அது பாஸ்வேர்டு கேட்காது.

திருடர்கள் உள்ளே வந்த வழியும் கவனிக்க வேண்டியது. கோட்கவ் தன் டாக்கர் இமேஜை உருவாக்கும்போது செய்த ஒரு பிழையால், அந்த ஸ்கிரிப்ட்டை மாற்றும் உரிமை கொண்ட சாவி அந்த இமேஜில் இருந்து எடுக்கக்கூடியதாகப் போய்விட்டது. அதாவது, மற்றவர்களின் ரகசியங்கள் கசியக் காரணம், கோட்கவ் தன்னுடைய ரகசியத்தைச் சரியாக வைக்காததுதான்.

யாருக்கெல்லாம் பாதிப்பு?

சர்வர் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் டெராஃபார்ம் என்ற டூலைத் தயாரிப்பது ஹாஷிகார்ப் நிறுவனம். 'இந்த மென்பொருள் எங்களுடையதுதான்' என்று முத்திரை குத்தும் ஜிபிஜி சாவி இந்தச் சம்பவத்தில் வெளிப்பட்டுவிட்டதாக அது அறிவித்தது. தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்றாலும், பழைய சாவியை ரத்து செய்து புதுச் சாவி வெளியிட வேண்டி வந்தது. சைபர் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் ரேபிட்7 நிறுவனத்தின் சோர்ஸ் கோடில் ஒரு சிறு பகுதியும் வெளியாட்கள் கைக்குப் போனது.

இவையெல்லாம் கம்பெனிகளுக்குள் நடக்கும் தலைவலி, நமக்கென்ன என்று தோன்றலாம். மெர்காரி கதையைப் பாருங்கள்.

மெர்காரி ஜப்பானில் மிகவும் பிரபலமான ஆப். வீட்டில் இருக்கும் பழைய பொருட்களை விற்க, வாங்க உதவும். நம்மூர் ஓஎல்எக்ஸ் மாதிரி. அதுவும் கோட்கவ்வைப் பயன்படுத்தியது. திருடிய சாவியைக் கொண்டு அதன் கிட்ஹப் பகுதிக்குள் நுழைந்தவர்கள், அங்கே இருந்த வாடிக்கையாளர் விவரங்களையும் பார்த்துவிட்டார்கள். 2021 மே மாதம் நிறுவனம் வெளியிட்ட விவரப்படி, விற்பனைப் பணம் அனுப்பிய 17,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. வங்கிக் கணக்கு எண், கணக்கு வைத்திருப்பவர் பெயர், அனுப்பிய தொகை உட்பட. அவை 2013, 2014 காலத்துப் பதிவுகள்.

யோசித்துப் பாருங்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பழைய பையை விற்ற ஒருவரின் வங்கிக் கணக்கு எண், அவர் பெயரே கேள்விப்படாத ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ஸ்கிரிப்ட் வழியாக வெளியே போகிறது. அவர் எந்த லிங்க்கையும் கிளிக் செய்யவில்லை. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை.

பூட்டி வைத்தால் போதாதா?

போதாது என்பதற்கு சர்க்கிள்சிஐ சம்பவம் சாட்சி. புதுக் கோட் வந்ததும் அதைத் தானாகச் சோதித்து, சர்வரில் ஏற்றும் சேவை அது. அந்த வேலைக்குத் தேவை என்பதால், வாடிக்கையாளர்கள் தங்கள் பாஸ்வேர்டு, கீ எல்லாவற்றையும் அங்கே என்விரான்மென்ட் வேரியபிளாக ஏற்றி வைப்பார்கள்.

2022 டிசம்பரில் அந்த நிறுவன இன்ஜினியர் ஒருவரின் லேப்டாப்பில் மால்வேர் புகுந்தது. அவர் ஏற்கெனவே இரண்டடுக்குப் பாதுகாப்பைத் தாண்டி லாகின் செய்திருந்த செஷனை அது திருடிக்கொண்டது. சர்வரில் இருந்த டேட்டா என்கிரிப்ட் செய்துதான் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸில் இருந்தே அந்தப் பூட்டுக்கான சாவியையும் எடுத்துவிட்டார்கள். பெட்டியில் இருக்கும்போது பூட்டு இருக்கும். வேலைக்கு எடுக்கும்போது திறந்துதானே ஆக வேண்டும்?

2023 ஜனவரி 4-ம் தேதி, 'எங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றுங்கள்' என்று சர்க்கிள்சிஐ வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. கேட்பதற்குச் சுலபம். ஒரு நிறுவனம் பத்து வருஷமாக எங்கெங்கே எந்தெந்தச் சாவியைக் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால்தானே மாற்ற முடியும்? புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு அந்த வாரம் வேறு வேலையே ஓடியிருக்காது.

இன்னுமா நடக்குது?

நடக்கிறது. 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் கிட்ஹப்பில் இருந்த ஒரு இலவச டூல் கைப்பற்றப்பட்டது. எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. 23,000-க்கும் மேற்பட்ட ப்ராஜெக்ட்களில் அது பயன்பாட்டில் இருந்தது. உள்ளே புகுந்தவர்கள் பழைய வெர்ஷன் எண்களைக்கூட தங்கள் விஷக் கோடை நோக்கித் திருப்பிவிட்டார்கள். 'நாங்க எதையும் அப்டேட் பண்ணலையே' என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கும் அதே கோட்தான் போய்ச் சேர்ந்தது.

அது ரகசியங்களை வெளி சர்வருக்கு அனுப்பவில்லை. மெமரியில் இருந்து எடுத்து, வேலை விவரம் பதிவாகும் 'லாக்'கில் எழுதி வைத்தது. ரகசியம் லாக்கில் வந்தால் கிட்ஹப் அதை நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடும். அதை ஏமாற்ற, எழுத்துகளை இரண்டு முறை உருமாற்றி எழுதினார்கள். பொதுவில் இருக்கும் ப்ராஜெக்ட்களின் லாக்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, உண்மையில் ரகசியம் கசிந்த ப்ராஜெக்ட்கள் 218 என்று தெரிந்தது. அதிலும் பெரும்பாலானவை, ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் தானாகச் செத்துப்போகும் தற்காலிக டோக்கன்கள். திருடன் எடுத்துப் பார்க்கும்போது அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் 'ஷாய்-ஹுலூத்' என்று பெயரிடப்பட்ட புழு, என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கிடங்கில் 500-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில் பரவியது. ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்ததுமே அது அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் டோக்கன், கிளவுட் கீ எல்லாவற்றையும் தேடும். கிடைத்த டோக்கனை வைத்து அடுத்த பேக்கேஜுக்குத் தாவும். ஒரு சாவி கிடைத்தால் அடுத்த வீடு, அங்கே கிடைத்த சாவியில் அதற்கடுத்த வீடு.

திறந்து கிடக்கும் ஃபைல்கள்

மேலே சொன்னவை எல்லாம் சாமர்த்தியமான திருட்டுகள். அவ்வளவு சாமர்த்தியம்கூடத் தேவைப்படாத வகை ஒன்று இருக்கிறது.

வேரியபிள்களை ஒவ்வொரு முறையும் கையால் கொடுக்க முடியாது என்பதால், 'டாட் என்வ்' என்ற ஃபைலில் எழுதி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்து ஏற்றிக்கொள்ளும். அந்த ஃபைல் வெப்சைட் இருக்கும் அதே ஃபோல்டரில் கிடந்து, சர்வர் செட்டிங்கும் சரியில்லை என்றால், பிரவுசரில் முகவரியைத் தட்டினாலே திறந்துவிடும்.

பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வுக் குழு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. இப்படித் திறந்து கிடக்கும் ஃபைல்களைத் தேடிப் போன ஒரு கும்பல், 1,10,000 டொமைன்களைக் குறிவைத்தது. 90,000-க்கும் மேற்பட்ட வேரியபிள்கள் சிக்கின. அவற்றில் சுமார் 7,000 நேரடியாக கிளவுட் சேவைகளுக்கானவை. அவற்றை வைத்து உள்ளே போய், டேட்டாவை எடுத்துக்கொண்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பையும் விட்டுவிட்டு வந்தார்கள். அமேசானின் சேவையில் ஓட்டை எதுவும் இல்லை. சாவி கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்களே.

இந்த ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பி 'இத போட்டு ரன் பண்ணுங்க ப்ரோ' என்று சொல்லும் டீம்களும் இருக்கின்றன. வேலையை விட்டுப் போனவரும் அந்த குரூப்பில் இன்னும் இருப்பார்.

'என் சிஸ்டம்ல ஓடுது சார்'

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்ஜினியர்கள் ஸ்கிரிப்ட்டுக்குள் பாஸ்வேர்டை எழுதுகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முழு உண்மை அது இல்லை.

சர்வர் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் அருமையாக ஓடும். ராத்திரி தானாக ஓடட்டும் என்று 'கிரான்' அட்டவணையில் போட்டால், காலையில் பார்க்கும்போது பேக்கப் இருக்காது. காரணம், நீங்கள் லாகின் செய்யும்போது ஏறும் வேரியபிள்கள் கிரானுக்கு ஏறாது. அது மிகச் சில விவரங்களோடுதான் தொடங்கும். டூல் இருக்கும் பாதைகூட அதற்குத் தெரியாமல் போகலாம். 'சுடோ' போட்டு ஓட்டினாலும் இதே கதை. பாதுகாப்புக்காக அது பெரும்பாலான வேரியபிள்களைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும்.

இரண்டு நாள் பேக்கப் எடுக்கவில்லை, மேனேஜர் போன் மேல் போன் செய்கிறார் என்றால் என்ன நடக்கும்? பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டின் மூன்றாவது வரியிலேயே எழுதிவிடுவார்கள். இல்லையென்றால், அந்த சர்வரில் லாகின் செய்யும் எல்லோருக்கும் ஏறும்படி பொது ஃபைலில் போட்டுவிடுவார்கள். 'அப்புறம் மாத்திக்கலாம்.' அந்த அப்புறம் வரவே வராது.

இன்னொன்று, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டளையையும் அச்சிட்டுக் காட்டும் டீபக் முறையை ஆன் செய்வார்கள். பாஸ்வேர்டும் சேர்ந்து லாக்கில் அச்சாகும். பிரச்சனை தீர்ந்த பிறகும் அந்த லாக் எங்காவது ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும்.

அப்போ என்னதான் வழி?

என்விரான்மென்ட் வேரியபிளே தப்பு என்று சொல்ல முடியாது. எந்த ஊர் நேரம், எந்த மொழி, எந்த போர்ட் என்பது மாதிரி விவரங்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அதில் வைக்கும் ரகசியம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது, எத்தனை பேர் கைக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல்.

அதனால்தான் டிஜே-ஆக்‌ஷன்ஸ் சம்பவத்தில் செத்துப்போன டோக்கன்கள் முக்கியம். நிரந்தரச் சாவியைக் கொடுத்து வைப்பதற்குப் பதில், ஸ்கிரிப்ட் ஓடும்போது மட்டும் 'நான் இன்ன ப்ராஜெக்ட்டின் இன்ன வேலை' என்று அடையாளம் காட்டி, கிளவுடிடம் கொஞ்ச நேரம் மட்டுமே செல்லும் டோக்கன் வாங்கும் முறை இப்போது இருக்கிறது. ஓஐடிசி என்று அதற்குப் பெயர். கிட்ஹப் 2021-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. பல நிறுவனங்கள் இன்னும் மாறவில்லை. பழைய சாவி வேலை செய்கிறதே, எதற்குத் தொட வேண்டும் என்ற மனநிலைதான் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அந்த முறைக்கு மாற முடியாத பழைய சர்வர்களிலும் சில விஷயங்கள் செய்யலாம். ரகசியத்தை எல்லா டூலுக்கும் சேர்த்து ஏற்றாமல், அது தேவைப்படும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுக்க லினக்ஸில் வழி உண்டு. 'சிஸ்டம்டி'யில் ஒரு குறிப்பிட்ட சேவை மட்டும் படிக்கும்படி ரகசியத்தைத் தனி ஃபைலாகக் கொடுக்கலாம். வெளியார் டூலைச் சேர்க்கும்போது வெர்ஷன் பெயரை நம்பாமல், மாற்ற முடியாத கமிட் எண்ணைக் குறிப்பிடலாம். 2025 மார்ச்சில் ஏற்கெனவே அப்படிக் குறிப்பிட்டு வைத்திருந்தவர்கள் பொதுவாகத் தப்பித்தார்கள்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறிய நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 'வெளியார் டூலால்தான் கசிந்தது' என்று சொல்லிக் கழன்றுகொள்வது கஷ்டம். டேட்டாவை வாங்கி வைத்த நிறுவனம்தான் பொறுப்பு.

ஆப் பயன்படுத்தும் உங்களால் சர்வருக்குள் போய் எதையும் சரிசெய்ய முடியாது. பயன்படுத்தாத ஆப்களில் கணக்கை நீக்குவது, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடாமல் இருப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. மெர்காரியில் சிக்கியவர்களுக்கு அதுகூட எவ்வளவு உதவியிருக்கும் என்பது சந்தேகம்தான்.

கிட்ஹப்பின் பொதுப் பகுதிகளில் 2024-ல் மட்டும் 2.3 கோடிக்கும் அதிகமான ரகசியங்கள் புதிதாகக் கசிந்ததாக கிட்கார்டியன் நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. 2022-ல் கசிந்த சாவிகளையும் அவர்கள் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் 70 சதவீதம் இன்னமும் பூட்டைத் திறந்துகொண்டிருந்தன.